மீன் டெஸ்ட் கிற் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, பத்தரை மணி இருக்கும். எங்கட ஒழுங்கையில் இருக்கிற தம்பி ஒருத்தன் வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பினான். இருபது செக்கன்தான். கண்ணாடித் தொட்டி, நீல லைற், பின்னால் வீட்டுக்காரர் சீரியல் பார்க்கிற சத்தம். தண்ணீரின் மேல்மட்டத்தில் மூன்று சின்னக் கறுப்பு மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கீழே ஒரு வரி: "அண்ணா, இதுக்கு என்ன மருந்து போடுறது?"

"தொட்டி போட்டு எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"அஞ்சு நாள். கடல் தொட்டி. மீன் போட்டு மூண்டு நாள்."

மருந்து ஒன்றும் இல்லை. டெஸ்ட் கிற்றை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

அவனைப் பேச எனக்கு வாய் வரவில்லை. சொன்னதைத்தான் செய்திருக்கிறான். ஏ.எல். முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் குடுத்துச் சேர்த்த காசில் தொட்டி, பம்ப், லைற், உப்புப் பக்கற் எல்லாம் வாங்கியிருக்கிறான். கடையில் சொன்ன ஆலோசனை இது: "உப்புத்தண்ணி கலந்து ரெண்டு நாள் ஓட விடுங்கோ. பிறகு மூண்டு டாம்செல் போடுங்கோ. அது தாங்கிற மீன். அதுகள் நிண்டா மற்றதைப் போடலாம்."

அதுகள் நிண்டா. ஏழு வருசத்துக்கு முதல் நான் இதையே வேறொரு கடையில், கிட்டத்தட்ட இதே சொற்களில் கேட்டேன். ஸ்காபரோவில் இருக்கிற என்ர மச்சான் அதுக்கும் முதல் அங்கே ஒரு கடையில் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். கடல் தொட்டி தொடங்குகிற எல்லாருக்கும் உலகம் முழுக்கச் சொல்லப்பட்டு வந்த வசனம் இது. இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நேராகச் சொல்லிப் பாருங்கோ: தண்ணீர் சரியா பிழையா என்று எங்களுக்குத் தெரியாது, ஆகவே உயிருள்ள ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். செத்தால் பிழை, நிண்டால் சரி. அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு அமோனியா கிற்றின் காசுக்கு டாம்செல் நாலைந்து வாங்கலாம். அதனால் மீன்தான் எங்கட மலிவான டெஸ்ட் கிற். நான் இதை எழுதுவது அந்த ஒரு வசனத்தோடு சண்டை பிடிக்க.

அன்றிரவு கிற் என்ன காட்டியது என்று சொல்கிறேன். மஞ்சளில் நிற்க வேண்டிய அமோனியா நிறம் கடும் பச்சைக்குப் போனது. அட்டையில் 2க்கும் 4க்கும் இடையில். இருக்க வேண்டியது பூச்சியம்.

ஓ.எல். விஞ்ஞானத்தில் நைதரசன் வட்டம் படித்திருப்பீர்கள். பாஸ் பண்ணினதும் மறந்திருப்பீர்கள், நானும்தான். தொட்டிக்குள் நடப்பது அதே வட்டம். மீன் சாப்பிட்டுக் கழிப்பது, மிஞ்சின சாப்பாடு அழுகுவது எல்லாம் அமோனியா ஆகும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்கும். கடைசியில் வருவது ஓரளவுக்குத் தீங்கில்லாதது. புதுத் தொட்டியின் பிரச்சினை, அந்தப் பற்றீரியாக்கள் அங்கே இன்னும் குடிவரவில்லை என்பதுதான். பாலைத் தயிராக்குகிற பற்றீரியா ஒரு இரவில் வேலையை முடித்துவிடும். இதுகள் அப்படியில்லை, ஒரு தடவை இரட்டிப்பாகவே பல மணித்தியாலம், சில வேளை ஒரு நாளுக்கும் மேல் எடுக்கும். கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் போதுமான அளவு படிய நாலு முதல் ஆறு கிழமை. இரண்டு நாள் "ஓட விட்டால்" ஓடுவது பம்ப் மட்டும்தான்.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகின ஆக்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். "நான் கப்பி மீன் எவ்வளவு காலம் வளர்த்தனான், இப்பிடி ஒண்டும் நடக்கேல்ல" என்பார்கள். உண்மைதான். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று நஞ்சு, மற்றது அவ்வளவு மோசமில்லை. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பீ.எச். தீர்மானிக்கும். பீ.எச். 7இல் இருக்கிற நன்னீரை விட 8.2இல் இருக்கிற கடல் தண்ணீரில் நஞ்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கும் மேல். அதே அட்டை, அதே பச்சை, ஆனால் மீனுக்கு அது வேறு கதை. சந்தையில் மீன் வாங்கும்போது அம்மா தூக்கிப் பார்க்கிற பூ இருக்கிறதே, அந்தச் சிவப்புப் பூவைத்தான் அமோனியா முதலில் எரிக்கும். பூ எரிந்தால் மீனுக்கு மூச்சு ஏலாது. மேலே வந்து வாயைத் திறப்பது அதுதான். வருத்தம் என்று நினைத்து மருந்து ஊற்றினால், சில மருந்துகள் இருக்கிற கொஞ்ச நஞ்சப் பற்றீரியாவையும் கொல்லும். செப்புக் கலந்த மருந்தென்றால் பிறகு அந்தத் தொட்டியில் இறாலோ நத்தையோ பவளமோ வைப்பதே கஷ்டம், கல்லிலும் மணலிலும் ஊறி நிற்கும்.

அவனிடம் கலந்து வைத்த உப்புத்தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. என்னிடம் ஒரு பரலில் நாற்பது லீற்றர் இருந்தது. இரண்டு கானில் கட்டிக்கொண்டு வந்து, உவர்ப்பையும் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, தொட்டித் தண்ணீரில் பாதிக்குக் கிட்ட மாற்றினோம். தண்ணீர் மேல்மட்டம் நல்லாகக் கலங்கும்படி பம்பைத் திருப்பினோம். சாப்பாடு நிறுத்தினோம். அமோனியாவைக் கட்டிப்போடுகிற திரவம் ஒன்று கடைகளில் இருக்கிறது, அவசரத்துக்கு அதுவும் உதவும், ஆனால் அதைப் போட்ட பிறகும் சில கிற்கள் கட்டின அமோனியாவையும் சேர்த்தே காட்டும், பார்த்துப் பயந்து இன்னும் ஊற்றக்கூடாது. விடியும்போது இரண்டு மீன் செத்திருந்தன. மூன்றாவதை என்ர தொட்டிக்குக் கொண்டுவந்தேன்.

சரி, மீன் போடாமல் பற்றீரியாவை எப்படி வளர்ப்பது? இதுதான் எனக்குச் சிரிப்பு வருகிற இடம். வழி மீனை விட மலிவு. சந்தையில் ஒரு இறால். நூறு லீற்றர் தொட்டிக்குள் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுங்கோ. நாறும், வீட்டில் பேச்சு விழும். அமோனியா ஏறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் அளந்து கொப்பியில் எழுதுங்கோ. அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைத்திரைற்று ஏறும், அது இறங்கக் கனநாள் எடுக்கும். அமோனியாவை 2 பீ.பீ.எம். வரை ஏற்றிவிட்டு, அடுத்த நாள் பார்க்கும்போது அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம் என்றால் தொட்டி தயார். நன்றாக ஓடுகிற ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலோ பஞ்சோ கிடைத்தால் நாட்கள் குறையும். போத்தலில் வருகிற பற்றீரியாவும் உண்டு. நல்லதும் இருக்கிறது, வெயிலில் லொறிக்குள் வெந்து செத்துப்போய் வருவதும் இருக்கிறது. எதுவென்று போத்தலைப் பார்த்துச் சொல்ல ஏலாது, தொட்டியை அளந்துதான் சொல்லலாம்.

இதோடு கதை முடியும் என்றால் இந்தக் கட்டுரை சின்னது. முடியாது, ஏனென்றால் நாங்கள் ஊற்றுகிற தண்ணீரே பல வேளை பிரச்சினை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே இருக்கிற அதே தண்ணீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரம் மழையோடு அதற்குள் இறங்கும், மலசலகூடக் குழியிலிருந்தும் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கட தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டுகின்றன என்று வருசக்கணக்காக ஆய்வுகள் சொல்லி வருகின்றன. மனிசருக்கே பிரச்சினையான தண்ணீர், அது பெரிய கதை, இன்னொரு நாளுக்கு.

என்ர முதல் தொட்டியில் நைத்திரேற்று 60இல் நின்றது. எல்லாரும் சொன்னார்கள், தண்ணியை மாத்து. மாற்றினேன். 60. திரும்ப மாற்றினேன். 60. கடைசியில் மச்சான்தான் இரவு ஒரு மணிக்கு, அவனுக்கு மத்தியானம், போனில் கேட்டான்: "டேய், உன்ர கிணத்துத் தண்ணியை அளந்தனியே?" அளக்கவில்லை. அளந்தால் அதிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு மாதமாக நைத்திரேற்றை எடுத்துவிட்டு நைத்திரேற்றை ஊற்றியிருக்கிறேன். அதிலும் மோசம், தொட்டியிலிருந்து ஆவியாகிறது வெறும் தண்ணீர் மட்டும். அதற்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதில் கரைந்திருக்கிறதெல்லாம் தொட்டிக்குள் தங்கும். கேத்திலுக்குள் படிகிற வெள்ளைப் படையைப் பார்த்தால் விளங்கும், தொட்டியும் ஒரு வகையில் மெதுவாகக் கொதிக்கிற கேத்தில்தான்.

அதனால் தொட்டிக்கு முதல் வாளியை அளவுங்கோ. இப்போது ஊருக்கு ஊர் ஆர்.ஓ. தண்ணீர் விற்கிறார்கள், அது கிணற்றை விட எவ்வளவோ மேல். ஆனால் குடிக்க ருசிக்காகக் கொஞ்சம் உப்புகளைத் திரும்பச் சேர்க்கிற இடங்களும் உண்டு. ரீ.டி.எஸ். மீற்றர் என்று பேனா மாதிரி ஒரு சாமான், விலை பெரிசில்லை, வாங்கிக் கானுக்குள் விட்டுப் பாருங்கோ. பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நிம்மதி. பைப் தண்ணீர் என்றால் குளோரினை நீக்காமல் ஊற்றவே கூடாது, ஃபில்டர் பஞ்சை அதில் கழுவவும் கூடாது. ஒரு நிமிசத்தில் ஒரு மாதப் பற்றீரியா போய்விடும்.

"சுத்திவரக் கடல், பிறகேன் உப்பு வாங்கிக் கலக்கிறாய்?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி. நான் கடல் தண்ணீரும் பாவித்திருக்கிறேன். முதல் விசயம், களப்புத் தண்ணீர் வேறு, திறந்த கடல் தண்ணீர் வேறு. களப்பு வெயில் காலத்தில் கடலை விட உப்பாகும், மாரி மழைக்கு நீர்த்துப்போகும். திறந்த கடலிலும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் எங்கட பக்கம் வரும். பருத்தித்துறைப் பக்கம் ஓகஸ்ட்டில் அள்ளினதும் டிசெம்பரில் அள்ளினதும் ஒன்றில்லை, ஒவ்வொரு கானையும் அளக்க வேணும். துறைமுகத்துக்கும் வள்ளங்கள் கட்டுகிற இடத்துக்கும் கிட்ட அள்ளக்கூடாது, எண்ணெய். அள்ளின தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கும். மூடின கானில் இரண்டு நாள் வைத்தால் அதுகள் செத்து அந்தத் தண்ணீரிலேயே அமோனியா ஏறும். அரித்தெடுத்து, இருட்டில், காற்றுக் குழாய் விட்டுச் சில கிழமை வைத்தால் தெளியும். இவ்வளவும் செய்யத் தயார் என்றால் கடல் தண்ணீர் நல்ல தண்ணீர்.

இன்னொரு கேள்வி, ஆனையிறவு உப்பைக் கரைத்தால் ஏலாதோ என்பது. ஏலாது. உப்பளத்தில் கடல் தண்ணீர் வற்றும்போது கல்சியத்தில் பெரும்பகுதி முதலே படிந்துவிடும், மக்னீசியம் கடைசிக் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நடுவில் எடுப்பதுதான் கறிக்குப் போடுகிற உப்பு. கடல் என்பது அது மட்டுமில்லை. தொட்டிக்கென்று விற்கிற கலவை லீற்றருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல் போகும், நூறு லீற்றருக்கு மூன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கூட. கலக்கும்போது தண்ணீருக்குள் உப்பைப் போடுங்கோ, உப்புக் குவியலுக்கு மேல் தண்ணீரை ஊற்றாதேங்கோ. ஊற்றினால் கல்சியம் சுண்ணாம்பாகப் படிந்து பால் மாதிரி வெளுக்கும், அது திரும்பக் கரையாது.

உவர்ப்பைப் பற்றி ஒரு கணக்கு. நூறு லீற்றர் தொட்டி, உவர்ப்பு 35. சித்திரை மாத வெயில், அஸ்பெஸ்டஸ் கூரை, அறை 32 பாகை. பவளப்பாறை மீனுக்கு 25, 26 நல்லது. ஏர்கண்டிசனுக்கு வழியில்லாததால் தண்ணீருக்கு மேல் ஃபான் ஒன்றைத் திருப்பிவிடுகிறோம். அது இரண்டு மூன்று பாகை குறைக்கும், நல்ல வழிதான், நானும் அதையே செய்கிறேன். ஆனால் குளிராவதற்குக் காரணமே தண்ணீர் ஆவியாவதுதான். நாளுக்கு மூன்று லீற்றர் போனால் நாலு நாளில் பன்னிரண்டு. மிஞ்சின 88 லீற்றருக்குள் அதே உப்பு. இப்போது உவர்ப்பு 40க்குக் கிட்ட. குறைந்த பன்னிரண்டு லீற்றரையும் நல்ல மனத்தோடு உப்புத்தண்ணீரால் நிரப்பினால், தொட்டி பழையபடி நிறைந்து தெரியும், ஆனால் உவர்ப்பு 39க்கு மேலேயே நிற்கும். ஆவியானதற்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேணும், அதுவும் நாலு நாள் பொறுக்காமல் ஒவ்வொரு நாளும். கண்ணாடியில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கோ, போதும்.

சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். அதனால் கறன்ற் போனால் எங்களுக்கு நேரம் குறைவு. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது பற்றறியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்றும் இல்லாமல் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு இருந்த இரவு எனக்கு மறக்காது.

பிரச்சினை போலத் தெரிந்து பிரச்சினை இல்லாதவை சில. முதல் நாள் கலங்கல் என்றால் மணல் தூசி. மூன்றாம் நாலாம் நாள் பால் மாதிரிக் கலங்கினால் மிதக்கிற பற்றீரியாப் பெருக்கம், காற்றை விட்டுப் பொறுத்தால் தெளியும். இரண்டாம் மூன்றாம் கிழமையில் கல்லும் கண்ணாடியும் மண்ணிறமானால் தயற்றம், தண்ணீரில் இருக்கிற சிலிக்கேற்றைத் தின்று முடிய அனேகமாகத் தானாகப் போகும். ஆக்கள் கனக்கக் காசு செலவழிப்பது இந்த மூன்றுக்கும்தான். பீ.எச். 7.8 என்று காட்டினாலும் உடனே மா வாங்கிக் கொட்டாதேங்கோ. ஒரு கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு முற்றத்தில் வைத்து ஒரு மணித்தியாலம் காற்று விட்டு அளவுங்கோ. ஏறினால் பிரச்சினை தண்ணீரில் இல்லை, பூட்டின அறைக்குள் நாங்கள் விடுகிற காபனீரொட்சைட்டு. ஜன்னலைத் திறவுங்கோ.

கிற்றும் பொய் சொல்லும் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. திகதி முடிந்த கிற், வெயிலில் கிடந்த கிற். நைத்திரைற்று இருக்கும்போது நைத்திரேற்றுக் கிற் கூட்டிக் காட்டும், ஆகவே முதலாவது பூச்சியமாகும் வரை இரண்டாவதை நம்பாதேங்கோ. முள் ஆடுகிற பிளாஸ்ரிக் உவர்ப்புமானியில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்குப் பிழைக்கும். கண்ணால் பார்க்கிற ரிஃப்ராக்ரோமீற்றர் நல்லது, ஆனால் அதையும் 35 என்று தெரிந்த திரவத்தில் சரிபார்க்க வேணும். என்னுடையது மூன்று கூட்டிக் காட்டியதை ஒரு வருசம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஆகவே அதிர்ச்சி தருகிற எண் வந்தால் திரும்ப அளந்து பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பது.

கையை வைப்பது பற்றி மச்சானின் கதை. அவன் அங்கே வைத்திருப்பது உண்மையான பவளத் தொட்டி. அங்கே பண்ணையில் வளர்த்து வெட்டின துண்டுகளைக் கடையில் சட்டப்படி வாங்கலாம். நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடாது என்று எங்கோ வாசித்துவிட்டு இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கினான். ஒரு மாதத்தில் மணலுக்கு மேல் சளி மாதிரி மண்ணிற நூல், நுனியில் குமிழி. ஊத்தை என்று நினைத்து இன்னும் கழுவினான், இன்னும் கூடியது. அது டைனோஃபிளஜெலேற்று. மற்றப் பாசிகளுக்குச் சாப்பாடு இல்லாத வெறுந்தொட்டி அதுக்கு வசதி. நைத்திரேற்றைத் திரும்ப ஐந்துக்குக் கிட்டக் கொண்டுவந்த பிறகுதான் மெதுவாகக் குறைந்தது. அதே நேரம் காரத்தன்மையை 7 டி.கே.எச்.இலிருந்து 11க்கு இரண்டு நாளில் ஏற்றி, பவளத்தின் நுனிகள் வெளுத்ததும் நடந்தது. இயற்கைக் கடலே 7தான். "சும்மா விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் மச்சான்" என்பான் இப்போது.

இங்கே நாங்கள் அப்படிச் செய்ய ஏலாது, செய்யவும் கூடாது என்பது என்ர நிலைப்பாடு. கல் பவளங்கள் வனசீவராசிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. முருகைக்கல்லை அகழ்வது, சேர்ப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது எல்லாவற்றையும் 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தம் தடுக்கிறது. நெடுந்தீவில் வேலி முழுக்க முருகைக்கல்தானே என்று கேட்பீர்கள். அது வேறு காலத்தில் அடுக்கின வேலி. 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பார் ரீஃபிலும் பவளம் கூட்டமாக வெளிறிச் செத்த பிறகு, கரையில் கிடக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டு வருவதற்கு என்னிடம் நியாயம் இல்லை. என்ர தொட்டியில் இருப்பது பீங்கான் துண்டுகளும் சீமெந்தில் நானே வார்த்த கல்லும். பற்றீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.

நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாளாந்தம் சூடையும் நெத்தலியும் கிலோக்கணக்கில தின்னுறம். ரெண்டு டாம்செலுக்கு ஏனடாப்பா இந்த அழுகை?" எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. இப்போதும் முழு மறுமொழி இல்லை. சாப்பிடப் பிடித்த மீன் சாப்பாடாகிறது. இது பாறையிலிருந்து ஒரு ஆள் சுழியோடி, வலையில் கவனமாகப் பிடித்து, பையில் ஒட்சிசன் அடித்து, பஸ்ஸில் கொண்டுவந்து, ஒரு எண்ணை அறிவதற்காக மூன்று நாள் மூச்சுத் திணற வைத்துக் கொல்கிற மீன். அந்த எண்ணைச் சொல்ல ஐந்து சொட்டுத் திரவம் போதும். சுழியோடினவரின் உழைப்புக்கும் அது மரியாதை இல்லை. டாம்செல் தப்பினாலும் முடிவதில்லை, முதலில் போன காரணத்தால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துப் பிறகு வருகிற எல்லாரையும் துரத்திக் கடிக்கும்.

கிற் விலை உண்மையாகவே கூடத்தான், அதை மறுக்கவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு செற் வாங்கியிருக்கிறோம். ஒரு ஆளிடம் இருந்தால் பாதி பாவிக்க முதல் திகதி முடிந்துவிடும், நாலு பேர் என்றால் வீணாகாது. ஞாயிறு பின்னேரம் ஆளுக்கொரு சின்னப் போத்தலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். இப்போது தம்பி ஐந்தாவது ஆள். கடைக்காரர்களும் நினைத்தால் கடையிலேயே அளந்து கொடுக்கலாம், ஒரு தடவைக்கு ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு. மீன் விற்கிறதில் குறையும் காசு அதில் வரும் என்று ஒரு கடையில் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

தம்பியின் தொட்டி இன்றைக்கு முப்பத்தேழாம் நாள். இறால் போட்டு, என்ர தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலும் குடுத்தேன். கொப்பியின்படி அமோனியா பத்து நாளாகப் பூச்சியம், நைத்திரைற்று இன்னும் ஊதா. கண்ணாடி மண்ணிறம். அவன்ர அம்மா என்னை ஒழுங்கையில் மறித்து, "வெறும் தண்ணிக்கு ஏன் தம்பி இவ்வளவு கறன்ற்?" என்று கேட்டா. நேற்று இரவு திரும்பவும் ஒரு வீடியோ வந்தது. கண்ணாடியில் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளிகள் விட்டு விட்டுத் துள்ளி ஓடுகின்றன. மணலோடு வந்த கோபிபொட்டுகள். மீனுக்குச் சாப்பாடு, தொட்டிக்கு நல்ல அறிகுறி.

"அண்ணா, இதுக்கு என்ன மருந்து போடுறது?"

ஒண்டும் போடாத, பார்த்துக்கொண்டிரு எண்டு எழுதினேன்.